கதவு கழற்றிய சன்னல்

நாகலூரில் சில்வர் ஓக் மரத்தில் ஏறி, அதில் படர்ந்த மிளகைப் பறிக்கும்போது விழுந்து, தண்டுவடம் அடிபட்டவர் அந்த அம்மா. உதவிப் பொருள்களோடு நான் எப்போது போனாலும் இரவு வேர்வை துடைத்த துண்டுகள் அவருடைய சக்கர நாற்காலியில் காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள், நான் கொடுத்த கம்பளியில் நாய் படுத்திருந்தது. இந்தக் குளிரில் போர்த்தாமல் கிடக்கிறாரே என்ற கோபத்தில், திறந்திருந்த சன்னலைச் சாத்தினேன்.

“தொறந்து உடுங்கய்யா. அடிபட்டதுல இருந்து ராத்திரி நெஞ்சுக்கு மேல வேர்த்து ஊத்துது. காத்து வந்தாத்தானுங்க தூக்கம். சன்னல் கொண்டி எனக்கு எட்டாதுங்க.”

“பனி ஆகாதும்மா” என்று வந்துவிட்டேன். அன்றிரவு அவர் கண்மூடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுபடி போனபோது சன்னலுக்குக் கதவே இல்லை. ஆள் வைத்துக் கழற்றியிருந்தார். மூடுபனி அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

“இப்பச் சாத்துங்க பாக்கலாம்! குளுருச்சுன்னா நாய்கிட்டக் கம்பளியக் கேட்டு வாங்கிப் போத்திக்குங்க.”

மன்னிப்புக் கேட்கப் போன நான், குளிரில் பல் கிடுகிடுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.