மிளகாய் இல்லாத ஆறு வாரம்

கிறிஸ்டினா அந்த முதல் நேர்காணலில் தோற்றதற்கு மொழி காரணமில்லை. ஜப்பானிய மொழித் தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்சிங் டிப்ளமோ முடித்தவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் மூன்று வருடமாக வேலை. சனிக்கிழமைதோறும் கவரப்பேட்டையில் மின்சார ரயிலேறி சென்னைக்குப் போய், ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்துவந்தாள். நேர்காணலில் திரையில் தெரிந்த அம்மாள், ஐம்பது வயதிருக்கும், அப்படி ஓர் இல்லத்தின் மேற்பார்வையாளர். உடம்பு துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது என்று கேட்டதற்கெல்லாம் கிறிஸ்டினா தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியாக அந்த அம்மாள் ஜப்பானியச் சாப்பாடு சமைப்பாயா என்று கேட்டார். இல்லை என்றாள். சாப்பிட்டாவது இருக்கிறாயா என்றார். அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சி நிலையத்தில் முடிவைச் சொன்னார்கள். மொழி நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றே தெரியாத பெண் எப்படி அவர்களுக்கு ஊட்டுவாள் என்று எழுதியிருந்தார்களாம். கூடப் படித்த பெண்கள் இது அநியாயம் என்றார்கள். கிறிஸ்டினாவுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டது சரியான கேள்விதான் என்று நினைத்தாள். அடுத்த நேர்காணல் மூன்று மாதம் கழித்து. அதற்குள் கற்றுக்கொண்டுவிடலாம் என்று ரயிலில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள்.

அவர்கள் வீடு புதுவாயல் கூட்டுரோட்டுக்கு உள்ளே தள்ளி, பஞ்சர் கடைக்குப் பின்னால். அவள் அப்பா தானியேல் கம்பி ஆலையில் லோடுமேன். அவருடைய அப்பா காலம் வரைக்கும் ஊரார் கழனியில் கூலி வேலை. தானியேல்தான் முதலில் சிப்காட்டுக்குள் போனவர். அம்மா ஆரோக்கியமேரி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். மூன்று பேரும் மூன்று ஷிப்டில் வேலைக்குப் போகிற வீடு. அடுப்படியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சமைப்பார்கள். யார் சமைத்தாலும் குழம்பு சிவப்பாக இருக்க வேண்டும் என்பது தானியேலின் சட்டம்.

கிறிஸ்டினா போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தாள். ஜப்பானியச் சாப்பாட்டுக்கு அடிப்படை தாஷி என்கிற ஒரு தெளிந்த சாறு. கடற்பாசியிலும் காய்ந்த மீனிலும் எடுப்பார்கள். கடற்பாசிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், ஒரு வீடியோவில் ஒரு கிழவர் கைநிறைய அள்ளிக் காட்டிய மீனைப் பார்த்துப் போனை நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். ஆரோக்கியமேரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நெத்திலி கருவாடு. இதுக்குப் போயி ஜப்பான்காரன் வீடியோ போடுறானா?"

முதல் நாள் அந்த நெத்திலியே காலை வாரிவிட்டது. குழம்புக்குக் கொதிக்கவைப்பது போலத் தளதளவென்று கொதிக்கவிட்டாள். சாறு கசந்தது, உப்புக் கரித்தது, தெருக்கோடி வரை மணத்தது. பழவேற்காட்டிலிருந்து கூடையோடு வரும் முத்தம்மாவிடம் உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி வேண்டும் என்று கேட்டாள். கோழித் தீவனத்துக்கா என்று முத்தம்மா கேட்டாலும், மறு வாரமே கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை கிறிஸ்டினா ஒவ்வொரு மீனாகத் தலையையும் வயிற்றையும் கிள்ளி எறிந்தாள். காலையில் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போய், வந்ததும் சிறு தீயில் சூடாக்கி, கொதி வந்த கொஞ்ச நேரத்தில் வடிகட்டினாள். வைக்கோல் நிறத்தில் சாறு. வாயில் வைத்தால் மீன் இருப்பது தெரிந்தது, நாற்றம் தெரியவில்லை. ஆன்லைனில் வாங்கிய மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதை, அதில் ஒரு கரண்டி கரைத்துக் குடித்தாள். பிடித்திருந்தது. பிடிக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அரிசிதான் அடுத்தது. ஜப்பானியர்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டுகிற சோறு வேண்டும். பக்கத்துத் தெரு கலியன் வீட்டில் அந்த வருட அறுவடையின் புது அரிசி, பானையில் போட்டால் குழைந்துவிடுகிறது என்று யாரும் தொடாமல் கிடந்தது. கிறிஸ்டினா போய் ஐந்து கிலோ கேட்டு வாங்கி வந்தாள். இன்னும் ஆறு மாதம் போகட்டும், நல்ல அரிசியாகிவிடும் என்று கலியன் சொல்லிப் பார்த்தார். இப்போதுதான் எனக்கு இது நல்ல அரிசி என்றாள் இவள்.

அந்த வாரத்தில்தான் தானியேல் விழுந்தார். காலை ஷிப்டு முடிந்து வரும்போது சர்வீஸ் ரோட்டு மணலில் பைக் சறுக்கியது. கை கால் தப்பித்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். மெல்லுகிற எதையும் ஆறு வாரம் தொடக் கூடாது. முதல் வாரம் நீராகாரம், பிறகு நாக்காலேயே நசுக்க முடிகிற சாப்பாடு. வாயில் தையல் ஆறுகிறவரை காரமும் கூடாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் கிறிஸ்டினா லீவு போட்டு அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மெல்ல முடியாதவர்களுக்குச் சமைக்கத்தான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவரும் இப்போது மெல்ல முடியாதவர். இந்த ஆறு வாரமும் தான் செய்வதைச் சாப்பிட்டு, எது நன்றாக இல்லையோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாள். தானியேல் வீங்கிய முகத்தோடு தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

முதல் வாரம் மிசோ கரைத்த சாறு மட்டும், இரண்டாவது வாரம் கஞ்சியில் ஆரம்பித்தாள். ஒகாயு என்று பேர். ஒரு பங்கு புது அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர், கரண்டி போடாமல் சிறு தீயில் வேகவேண்டும். பருக்கை உடையாமலே மெத்தென்றாகிவிடும். அது அப்பாவுக்கு இறங்கியது. பிறகு முட்டையை மூன்று பங்கு தாஷியில் அடித்து, வடிகட்டி, ஆவியில் வேகவைக்கும் சவான்முஷி. எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி இட்லிப் பானையில் வைத்தாள். இட்லிக்கு வைக்கிற தீயையே வைத்ததால் திறந்து பார்க்கும்போது உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. தீயைக் குறைத்து, மூடியில் துணி கட்டி, மூடியை ஒரு குச்சியால் லேசாகத் தூக்கிவைத்துத் திரும்பச் செய்தாள். நாலாவது தடவை டம்ளரை ஆட்டினால் தயிர் போல அசைந்தது. தானியேல் ஒரு டம்ளர் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றுக்கு விரலைக் காட்டினார்.

சண்டை வந்தது மூன்றாவது வாரத்தில். உருளைக்கிழங்கையும் கறியையும் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து வேகவைக்கிற நிகுஜாகா செய்து, கறியை விழுதாக அரைத்து, கிழங்கை மசித்து, ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒரு வாய் வாங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாய்ப்புண்தான் ஆறிவிட்டதே, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளாவது போடு என்றார். கிறிஸ்டினா மாட்டேன் என்றாள். ஜப்பானில் ஒரு கிழவி சாப்பிடுகிற ருசி எதுவோ அது தனக்குப் பழக வேண்டும் என்றாள். இரண்டாவது ஸ்பூனை நீட்டியபோது தானியேல் அவள் கையைத் தள்ளிவிட்டார். கிண்ணம் தரையில் கவிழ்ந்தது.

அன்று பகலும் சாயங்காலமும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கிறிஸ்டினாவுக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. சாப்பிட மறுப்பவரை என்ன செய்வது என்று பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. நர்சிடம் தெரிவிக்கவும் என்றது புத்தகம். நர்ஸ் அவளேதான். விளக்கு வைக்கிற நேரத்தில் போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நைனா, சக்கர போட்டதாலயா? உண்மைய சொல்லு, நான் கோச்சிக்க மாட்டேன்."

தானியேல் பல்லைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னார்.

"சக்கரலாம் ஒண்ணும் இல்ல கிறிஸ்டி. டன் கணக்குல கம்பி தூக்கின கை இது. ஸ்பூனுக்குக் கூட நீ வந்து உக்காந்துக்கினு வாயத் தொற வாயத் தொறன்னா, எனுக்கு இன்னாமோ மாரி ஆவுது. நீங்க ரெண்டு பேரும் அங்க குழம்பு ஊத்தி துன்றீங்க. நான் மட்டும் தனியா இங்க."

கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை நன்றாக இருக்கிற மனிதருக்கு மூன்று வாரமாக ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கற்றுக்கொள்கிற அவசரத்தில் அதை ஒரு நாள்கூடக் கவனிக்கவில்லை. மன்னிப்பு என்று எதையும் அவள் கேட்கவில்லை. எழுந்துபோய் அம்மாவிடம் பேசினாள். மறுநாளிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. தானியேல் கட்டிலை விட்டு இறங்கி அவர்களோடு தரையில் உட்கார்ந்தார், தன் கிண்ணத்தைத் தானே பிடித்தார், முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆரோக்கியமேரி மட்டும் தன் நிகுஜாகாவோடு ஒரு ஊறுகாய்த் துண்டை வைத்துக்கொள்வாள். அதைக் கிறிஸ்டினா பார்க்காதது மாதிரி இருந்துவிடுவாள். ஐந்தாவது வாரம் தானியேல், கிழங்கு நேற்றைவிட இன்று நன்றாக வெந்திருக்கிறது, மீன் சாறு கொஞ்சம் குறைச்சல் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது.

இரண்டாவது நேர்காணலில் திரையில் அதே அம்மாள். கிறிஸ்டினாவை அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது சமைப்பாயா என்று கேட்டார். சமைப்பேன் என்றாள். என்னென்ன என்றதற்குச் சொன்னாள். எங்கே தப்பு வந்தது என்று கேட்டார். சவான்முஷியில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்ததைச் சொன்னாள். அதற்கு எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, 'சு' என்போம், எனக்கும் விழும் என்று சிரித்தார் அந்த அம்மாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: ஒருவர் சாப்பிட மாட்டேன் என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டால் என்ன செய்வாய்?

தன் அப்பா தள்ளிவிட்டார் என்றாள் கிறிஸ்டினா. அவளுடைய ஜப்பானிய மொழியில் அதைச் சொல்ல நேரம் பிடித்தது. சாப்பாட்டில் குறை இருக்கிறது என்று நினைத்தேன், குறை நான் உட்கார்ந்த விதத்தில் இருந்தது என்றாள். கை இருக்கிறவருக்கு ஸ்பூனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். அவர் முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் தானியேலைப் பற்றி.

நான்காம் நாள் தகவல் வந்தது. தேர்வானவர்கள் ஏழு பேர். பட்டியலில் கிறிஸ்டினாவின் பேர் இருந்தது. விசாவுக்குக் காத்திருந்த இரண்டு மாதமும் பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமை மதியச் சமையலை அவளிடமே விட்டார்கள். திருநின்றவூரிலிருந்து வரும் பூமிகா என்ற பெண் எல்லாவற்றுக்கும் அளவு கேட்டு நோட்டில் எழுதப் பார்த்தாள். கிறிஸ்டினா நோட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

ஜனவரியில் கிளம்பினாள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டபோது ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இல்லத்தில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் மெல்ல முடியாதவர்கள், எல்லார் பேரும் தனக்கு மனப்பாடம் என்றாள். பிறகு சாப்பாட்டு மணி அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.