ஆறாவது கட்டத்தில் தெவிழ்ச்சி

அந்த அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவது அவள் வேலை. எல்லோரும் அவளை 'பட்டதாரி' என்றே கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று, தன் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் தான்தான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அது ஒட்டிக்கொண்டது. தகுதிகாண் பருவம் முடிய இரண்டு வாரம் இருந்தது. நிரந்தர ஆணைக்காக வீடே வழிமேல் விழி வைத்திருந்தது.

கண்ணை மூடினால் அவள் படிப்பாள். கனவில் அவளுக்குப் பேய் வராது, காகிதம்தான் வரும். ஒரு வரியைப் படித்ததும் அப்படியே நெஞ்சில் இறங்கும். சரியாகத்தான் படித்தோமா என்று திரும்பப் பார்த்தால், அதே இடத்தில் வேறொரு வரி ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும். விழித்தபின் நாக்கில் ஒரு சொல் மட்டும் மிஞ்சும். குமிறடை. பெசலாணி. தன் படிப்பும் இப்படித்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. படித்தபோது எல்லாம் புரிந்தது. பரீட்சை முடிந்ததும் சொற்கள் மட்டும் மிஞ்சின.

ஒருநாள் மதியம் மேலாளர் ஓர் அட்டவணையை நீட்டினார். எல்லாப் பிரிவுகளும் மாதாமாதம் நிரப்பி அனுப்ப வேண்டியது. ஐந்து கட்டங்கள்.

"அஞ்சு பார்க்க மொட்டையா இருக்கும்மா. ஆறாவதா ஏதாவது போடு."

"என்ன சார் போடறது?"

"பட்டதாரி நீ. என்னைக் கேக்கறியா?"

யோசித்தபடியே மேசையில் தலை சாய்த்தாள். கனவில் அதே அட்டவணை வந்தது. ஆறாவது கட்டத்தில் 'தெவிழ்ச்சி' என்றிருந்தது. அதைவிடப் பொருத்தமான சொல் உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது. "சார் கூப்பிடறாரு" என்று யாரோ மேசையைத் தட்ட, தூக்கக் கலக்கத்தில் அதையே தட்டச்சு செய்துவிட்டாள். மேலாளர் கட்டங்களை எண்ணிப் பார்த்தார். ஆறு இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

பேருந்தில் போகும்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் வந்து பார்த்தால் அட்டவணை சுற்றறிக்கையாகப் பதினான்கு பிரிவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. யாராவது அர்த்தம் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

பதில்கள்தான் வந்தன. கணக்குப் பிரிவு: 'தெவிழ்ச்சி திருப்திகரம்.' போக்குவரத்துப் பிரிவு: 'ஆள் பற்றாக்குறையால் தெவிழ்ச்சி சற்றுக் குறைவு.' பணியாளர் பிரிவு எண்பத்தேழு சதவீதம் என்று எழுதி வரைபடமும் இணைத்திருந்தது.

கிடங்குக்காரர் ஒருவர்தான் நேர்மையாக எழுதியிருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். 'புரியவில்லை. விளக்கவும்.' மறுநாளே அவருக்கு மெமோ: சுற்றறிக்கையைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் பொறுப்பில் ஏன் தொடர வேண்டும்? அதைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். செய்த கையோடு கிடங்குக்கு ஓடினாள்.

"வா பட்டதாரி. நீயாவது சொல்லு, அப்படின்னா என்ன?"

"ஒண்ணுமே இல்லண்ணே. நான் கனவுல படிச்சது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கனவுல எனக்கு விருந்துகூட வருது. அதுக்காக இங்க வந்து எல்லாரையும் கை கழுவச் சொல்றேனா?"

அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அவளுடைய நிரந்தர ஆணை கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது.

"சார், தெவிழ்ச்சின்னு ஒண்ணு கிடையாது. தூக்கத்துல போட்டுட்டேன். கிடங்கு அண்ணன் கேட்டதுதான் சரி."

மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசு. நம்ம தெவிழ்ச்சி போன மாசத்தைவிடக் கூடியிருக்குன்னு தலைமைக்கு எழுதியாச்சு. பாராட்டி பதிலும் வந்தாச்சு."

"போன மாசம் அது இல்லவே இல்லையே சார்?"

"அதனாலதான் கூடியிருக்கு."

"அண்ணனோட மெமோ?"

"உனக்கு ஆர்டர் வேணுமா, வேணாமா?"

வேண்டும்தான். அம்மாவின் முகம் கண்முன் வந்து நின்றது. இருந்தாலும் இருக்கைக்குத் திரும்பி, 'ஆறாவது கட்டத்தை எழுதியவள் நான். அதற்கு அர்த்தம் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, மெமோவுக்குக் கிடங்குக்காரர் எழுதிய பதிலோடு சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றினாள். பதிவேட்டில் ஏறியது தலைமைக்குப் போயே தீரும். அன்று மாலைக்குள் மெமோ 'நிர்வாகக் காரணங்களால்' திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பதிலும் தாளும் அதோடு காணாமல் போயின.

அடுத்த வாரம் ஓர் ஆணையை அவளிடமே தட்டச்சுக்குக் கொடுத்தார்கள். அவளது தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம்: தெவிழ்ச்சி போதாமை. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.