மூன்று நாள் நல்ல தண்ணீர்

ஆம்பூர்ப் பக்கத்து ஏரியில் எனக்கு மட்டி எடுத்துக் கொடுத்த அக்காவை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. கடலில் சிப்பி எப்படியோ, ஏரிச் சேற்றில் மட்டி அப்படி. தண்ணீரை இழுத்து வடிகட்டித்தான் அது வயிறு வளர்க்கும். தோல் தொழிற்சாலைக் கழிவில் வரும் குரோமியமும் அதோடு உள்ளே போய்விடும். போனது திரும்ப வெளியே வருமா, எத்தனை நாளில் வரும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

அக்கா ஷூ கம்பெனியில் வேலை பார்த்து, முதுகு வலி தாங்காமல் நின்றுவிட்டவர். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலாலேயே தடவி மட்டி எடுப்பார். எனக்குக் கொடுத்தது போக மீதி அவர் வீட்டுச் சட்டிக்குப் போகும். நான் வெறும் மாணவி என்று எத்தனை முறை சொன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள், கம்பெனித் தண்ணி கலக்கிற ஏரியாச்சே, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார்.

அப்போதுதான் என் முதல் முடிவு வந்திருந்தது. வேலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் மட்டிகளைப் போட்டு வைத்திருந்தேன். மூன்றே நாளில் தொட்டித் தண்ணீரில் குரோமியம் தெரிந்தது. ஆகா, கக்கிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணு நாள் நல்ல தண்ணில போட்டு வைங்கக்கா, தினமும் மாத்துங்க. எல்லாம் வெளிய வந்துடும்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். சதையை நான் இன்னும் சோதித்தே பார்க்கவில்லை. அவசரக்குடுக்கை.

அடுத்த மாதம் அதையும் சோதித்தேன். தொட்டியில் வந்ததெல்லாம் குடலில் இருந்த சேற்றோடு வந்ததுதான். சதையில் ஏறியது சதையிலேயே இருந்தது. மூன்று வாரம் வைத்தும் கொஞ்சம்தான் குறைந்தது. என் வழிகாட்டி, நல்ல முடிவு என்று பாராட்டினார். எனக்கும் வெட்கமில்லாமல் சந்தோஷம். அக்காவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாலு மாதம் ஓட்டினேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ளக் கூச்சம். பயந்துபோய் மட்டி எடுப்பதையே விட்டுவிட்டால் என் வேலை என்னாவது என்ற கள்ளத்தனமும் உள்ளே இருந்தது.

கடைசித் தடவை வாங்கப் போன அன்று, மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார். ஆறாவது படிக்கும் அவர் மகள் எனக்கு முன்பே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என் தட்டிலும் அவள் தட்டிலும் சோறு, பக்கத்தில் மிளகு தூக்கலாகப் போட்ட மட்டி வறுவல்.

"நீங்க சொன்ன மாதிரியே மூணு நாள் நல்ல தண்ணி, டீச்சர். தினமும் மாத்துனேன்."

அந்த வீட்டில் குழாய் கிடையாது. தெருக்கோடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்திருக்கிறார், அந்த முதுகை வைத்துக்கொண்டு.

எனக்குக் கை போகவில்லை. இன்றைக்கு விரதம் என்று சொல்லிவிட்டேன். காலையில் அவர் கண்ணெதிரே ஏரிக்கரைக் கடையில் முட்டை போண்டா தின்ற வாய் அது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், துன்னக் கூடாதா இது?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். நாலு மாதமாக என்றேன். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் குரல்கூட உயரவில்லை.

"எங்க தட்டுல இருக்கசொல்ல உனக்கு சொல்லத் தோணல. உன் தட்டுக்கு வந்ததும் தெரிஞ்சிடிச்சா?"

அப்போதுதான் முதல் தடவையாக அவர் என்னை டீச்சர் என்று சொல்லவில்லை. வறுவலை என் தட்டிலிருந்து வழித்து எடுத்துவிட்டு, வேறு சோறு வைத்து ரசம் ஊற்றினார். மகள் பக்கம் திரும்பி, போதும், எழுந்திரு என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். குழந்தை தன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.