நாற்பத்து நான்கு வயதில் பயிற்சிக்கு வந்தவர்

சீனன்குடாவில் நாங்கள் கணக்காய்வுக்குப் போகும் ஓரிடத்தில், கைப்பேசியை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். அன்று மத்தியானம் வேலையை முடித்து வெளியே வந்து அதைத் திருப்பி வாங்கியபோது, திரை முழுவதும் தவறிய அழைப்புகள். என்னோடு வேலை செய்யும் பஸ்மினாவின் பெயர்தான் திரும்பத் திரும்ப இருந்தது. அவளுக்கு அழைப்பெடுத்தேன்.

"அண்ணன், புவனா அக்கா போயிட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டு சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே..."

வெயிலில் நின்றபடியே நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து, "ஏதும் பிரச்சினையோ சேர்?" என்று கேட்டார்.

இலங்கைத்துறை என்ற ஊரைச் சேர்ந்த புவனேஸ்வரியை ஈச்சிலம்பற்றிலும் மூதூரிலும் பலருக்குத் தெரியும். படகு வைத்திருப்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அவர் கணக்குப் பார்க்கும் அக்கா. எனக்கு அவர் முதலில் பயிற்சி மாணவி. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு, அவருக்கு நாற்பத்து நான்கு. அவரைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனம். திருகோணமலைக் கிளை உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில் இருக்கிறது. கணக்கியல் டிப்ளோமா படிக்கும் மாணவர்கள் இருவரை ஆண்டுதோறும் பயிற்சிக்கு எடுப்போம். அந்த ஒரு வருடத்தை முடிக்காமல் அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. அந்த வருடம் வந்தவர்கள் கிண்ணியாவைச் சேர்ந்த பஸ்மினாவும் புவனேஸ்வரி அக்காவும்.

நேர்முகத்தில் கொழும்பிலிருந்து நிறுவனத்தின் பங்காளர் ஒருவர் கணினித் திரையில் தோன்றிக் கேள்வி கேட்டார். "இந்த வயதில ஏன் இந்தப் பயிற்சி?" என்று அவர் கேட்டதும் எனக்குச் சங்கடமாக இருந்தது. புவனா அக்காவுக்கு அப்படியேதும் இருந்ததாகத் தெரியவில்லை.

"உயர்தரப் பரீட்சை எழுதின கையோட சண்டையால ஊரை விட்டு ஓடினனாங்கள் சேர். பிறகு கலியாணம், பிள்ளைகள். இருபத்திரண்டு வயதில இந்தக் கேள்வியை என்னட்டக் கேட்க ஒருத்தரும் இருக்கேல்லை. இப்ப நீங்கள் கேக்கிறீங்கள். அதுவே சந்தோசம்."

பங்காளர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். கீழ்மாடிக் கடைக்கும் கேட்கும் சிரிப்பு அது.

எங்கள் நிறுவனத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். முதல் நாள் அவர் என்னிடம் வந்து, "பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. சேர் எண்டால் உங்களுக்குப் பிடிக்காது. தம்பி எண்டு கூப்பிடுறன், சரியோ?" என்றார். சரியென்றேன். அன்று முதல் மேலதிகாரியான என்னை அந்தக் கிளை முழுவதும் "புவனா அக்காவின் தம்பி" ஆக்கிவிட்டது.

வந்த முதல் மாதத்தில் எங்கள் கிளை முகாமையாளர் அவரைக் கூப்பிட்டு, "வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி ஒழுங்கு செய்யிற வேலையை நீங்கள் பாருங்கோ. அம்மா மாதிரி இருக்கிறீங்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னவரல்லர். அக்காவும் கோபித்துக்கொள்ளவில்லை.

"அம்மா வேலைக்கு எனக்கு வீட்டில ரெண்டு பேர் இருக்கினம் சேர். இங்க நான் கணக்காய்வு பழக வந்தனான். தேத்தண்ணி முறை போட்டு ஊத்துவம், நீங்களும் சேருங்கோ."

முகாமையாளரின் முறை செவ்வாய்க்கிழமை. அவர் போடும் தேத்தண்ணீர் நன்றாகவே இருந்தது.

வேலையில் அவர் பெரிய கெட்டிக்காரியாக வந்தவரல்லர். கணினி அவருக்கு வசப்படவில்லை. ஒரு விரலால் எழுத்துத் தேடுவார். ஒருமுறை நான் இரண்டு நாள் செய்து வைத்திருந்த அட்டவணை ஒன்றை அழித்துவிட்டு, "தம்பி, இது எங்க போயிட்டுது?" என்று மேசைக்குக் கீழே பார்த்தார்! அரைவருடத் தேர்வு வந்தது. பஸ்மினா முதலாவதாகத் தேறினாள். அக்கா தேறவில்லை.

முகாமையாளர் அவரை இருத்தி மெதுவாகச் சொன்னார். மூன்று மாதத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் பயிற்சி அத்தோடு நின்றுவிடும், அதற்கு முன் அவராகவே விலகிக்கொண்டால் மரியாதையாக இருக்கும் என்றார்.

"பெயிலானால் திருப்பி எழுதுறதுதானே சேர். மூத்தவனுக்கு நான் அப்பிடித்தான் சொல்லி வளர்த்தனான். நானே விட்டுட்டுப் போனா அவன்ட முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது, கண் சிவந்திருந்தது. தன் கதிரையில் உட்கார்ந்து கணினியை மறுபடி திறந்தார்.

அதே வாரம் பஸ்மினா வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் வெருகல் பக்கம் ஒரு மீன் பதனிடும் நிலையத்தில் மூன்று நாள் தங்கிக் கணக்காய்வு செய்யும் வேலை இருந்தது. வெளியூரில் தங்கும் வேலை வேண்டாம் என்று அவளுடைய வாப்பா மறித்துவிட்டார். வெள்ளி பின்னேரங்களில் பஸ் ஏறி ஊருக்குப் போகும் புவனா அக்கா அந்த வாரம் போகவில்லை. சனிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார்.

பஸ்மினாவின் வாப்பா நெல் வியாபாரி. மரியாதையாக வரவேற்று இருத்தினார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, வேலை நல்ல வேலைதான். ஆனா பொம்புளப் புள்ள ஊர் விட்டு ஊர் போய்த் தங்குறது எங்களுக்குச் சரிவராது."

"அந்த இடம் என்ட ஊருக்குக் கிட்டத்தான் நானா. பிள்ளை தங்கிறது என்ட வீட்டில, என்ட மகளோட. காலம நானே கூட்டிப் போறன், பின்னேரம் நானே கூட்டி வாறன். அந்த மூண்டு நாளும் குசினியில இறைச்சி இல்லை, மீனும் மரக்கறியும்தான்" என்றார் அக்கா. கிண்ணியாவில் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாப்பா கேட்டார்: "நீங்க எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க?"

"எனக்கும் தேவை இருக்கு நானா. கம்பியூட்டர்ல நான் பெயில். சொல்லித்தர உங்கட மகளை விட்டா எனக்கு ஆள் இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற பஸ்மினாவுக்கும்தான். திங்கட்கிழமை அவள் பயணப் பையோடு வந்தாள்.

பதனிடும் நிலையத்து உரிமையாளர் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். குளிரறைக்குள் பெண்கள் போக ஏலாது, உள்ளே உறைகிற குளிர், இருப்பு விவரம் தாளில் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதினால் போதும் என்றார். இருப்பை நேரில் எண்ண வேண்டும் என்ற விதியை நான் எடுத்துச் சொல்ல வாயெடுக்கு முன் அக்கா கேட்டார்.

"உள்ளுக்கு வேலை செய்யிறது ஆர் அண்ணை?"

"பொம்பிளைப் பிள்ளைகள்தான்."

"அவையிட குளிர்க் கோட்டில ரெண்டைத் தாங்கோ."

மறுபேச்சில்லாமல் கோட்டு வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். அக்கா பெட்டிகளை எண்ணிச் சத்தமாகச் சொல்ல, பஸ்மினா பதிந்தாள். வெளியே வந்தபோது இருவருக்கும் விரல் மடங்கவில்லை. இருப்பு எல்லாம் சரியாக இருந்தது. உரிமையாளர் நேர்மையான மனிதர்.

"பாத்தீங்களோ, எல்லாம் சரிதானே? வீணாக் குளிருக்குள்ள நிண்டது" என்றார்.

"சரியெண்டு இனி நாங்கள் பயமில்லாமல் எழுதலாம். அதுக்குத்தான் நிண்டனாங்கள்."

அவர் தானே போய் இருவருக்கும் சுடச்சுடப் பால்விடாத பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார்.

மறுதேர்வில் அக்கா தேறினார். பெரிய புள்ளிகள் இல்லை, மயிரிழைதான். முடிவு தெரிந்ததும் மகனுக்கு அழைப்பெடுத்து, "டேய், அம்மா பாஸ்!" என்று கத்தியது துறைமுகம் வரை கேட்டிருக்கும். பஸ்மினா அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வருட முடிவில் அந்தப் பங்காளர் நேரிலேயே வந்தார். பஸ்மினாவுக்கு நிரந்தர வேலை கொடுத்தார். புவனா அக்காவுக்கு நல்ல அறிக்கையும் வாழ்த்தும் கிடைத்தன. "எனக்கு வேலை இல்லையோ சேர்?" என்று அக்கா நேராகவே கேட்டார். புதிதாக எடுப்பவர்களுக்கு வயது எல்லை உண்டென்றும், தன்னால் அதை மாற்ற இயலாதென்றும் பங்காளர் சொன்னார். அவருக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"இது நியாயம் இல்லை எண்டு நினைக்கிறன் சேர். அதை உங்கட முகத்துக்கு நேரே சொல்லிப் போட்டன். இனி நான் என்ட கந்தோரைத் துவங்குறன்."

துவங்கினார். ஈச்சிலம்பற்றுச் சந்தியில் ஓர் அறை, ஒரு மேசை, பெயர்ப் பலகை; அதுதான் அலுவலகம். கணக்கு எழுத, வரிப் படிவம் நிரப்ப, வங்கிக் கடனுக்கு ஆவணம் தயாரிக்க அதுவரை மக்கள் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ அலைந்தார்கள். முதலில் வந்தவர் குளிரறை வைத்திருந்த அந்த உரிமையாளர். பிறகு படகுக்காரர்கள் வந்தார்கள். சில வருடங்களில் அவரிடம் மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். படிப்பை இடையில் விட்டவர்களையே தேடி எடுத்தார், மூவரையும் அதே டிப்ளோமாவுக்கு அனுப்பினார், பயிற்சி வருடத்தையும் தன் கந்தோரிலேயே கொடுத்தார். வயது கேட்கவில்லை.

ஒருமுறை ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தைக் கணக்காய்வு செய்ய எங்கள் நிறுவனம் போனது. சங்கத்தின் கணக்காளர் புவனா அக்கா. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் கண்ணில் குறும்போடு, "வாங்கோ சேர்" என்றார். ஆட்கள் போனபின் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எல்லாத்தையும் பாத்துக் கையெழுத்து வையுங்கோ. எனக்காக வைக்காதேங்கோ."

எல்லாவற்றையும் பார்த்தேன். பிறகே கையெழுத்து வைத்தேன்.

செத்தவீட்டுக்குப் பஸ்மினாவோடும் அவளுடைய வாப்பாவோடும் போனேன். வாப்பாவுக்கு இப்போது நடப்பது சிரமம். இரண்டு பேருமாகப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினோம். அக்காவின் கணவர் வாசலில் கதிரையில் இருந்தார். வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ட மகள நான் நம்பி அனுப்பின முதல் வீடு தம்பி இது" என்றார். கணவர் தலையை ஆட்டினார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். மகள் வந்து தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஆசிரியையாக இருக்கும் அவளுடைய குரல் அச்சாக அம்மாவுடையது.

மறுநாளும் அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்தது. சந்தியைக் கடந்தபோது அக்காவின் கந்தோர் பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்திருந்தது. வரிப் படிவங்களுக்கான கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அவர் பயிற்றுவித்த மூன்று பெண்களும் சிவந்த கண்களோடு வேலையில் இருந்தார்கள். முன்னால் ஒரு படகுக்காரர் பற்றுச்சீட்டு இல்லாமல் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா இல்லையெண்டு நாங்கள் விடமாட்டம் அண்ணை. பற்றுச்சீட்டைக் கொண்டு வாங்கோ, பிறகு எழுதுவம்" என்றாள் ஒருத்தி. அவர் சரி என்று சைக்கிளை எடுத்தார்.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்று நானும் சொல்லாமலே எழும்பி வந்துவிட்டேன். அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

போயிட்டு வாறன், புவனா அக்கா. காலம வேலை இருக்கு.