பன்னிரண்டாவது மரத்துண்டு

முப்பத்தொரு வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர். குடியிருப்பில் எல்லோரும் லிப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். தபால்பெட்டியிலும் யாரோ அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்கள், அவர் அழிக்கவில்லை. ஆனால் மூத்த மகளுக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது லிப்ட் அல்ல, வீட்டு பிரிட்ஜின் கதவு.

அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'வரவிருக்கும் விளையாட்டுகள்' என்று தலைப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டம்: பெயர், வெளிவரும் தேதி, எத்தனை பேர், எத்தனை நிமிடம், குறிப்பு. எங்கே எந்த போர்டு கேம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான்கு பேர் ஆட முடியாததைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். வீட்டில் நான்கு பேர். அவர், அம்மா, ஆய்வகத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் மூத்தவள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி. தம்பிக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழக்காடுவான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான்கு பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் போர்வையோடு வந்து உட்கார வேண்டும்.

புது லிப்டில் நேராக ஆளை ஏற்ற மாட்டார்கள். முதலில் காலியாக ஓட்டுவார்கள். பிறகு எடைக்கற்களை ஏற்றி ஓட்டுவார்கள். அப்புறம்தான் ஆள். புது விளையாட்டு வந்தாலும் லிப்ட்காரருக்கு இதே வழிமுறைதான். காலி ஓட்டத்தில் நான்கு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து நான்கு பேருக்கும் தானே ஆடுவார். வக்கீலின் நாற்காலிக்குப் போகும்போது புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். எடை ஓட்டம் அம்மாவோடு மட்டும்.

"உங்கம்மாவைத் தாங்கிச்சுன்னா யாரையும் தாங்கும்" என்பார்.

மூன்றாவது, சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஆள் ஓட்டம். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும், தேதியும் கையெழுத்துமாக.

இவ்வளவு செய்தும் பெரும்பாலும் தோற்றார். பதினோரு வருடத்தில் நான்கு வெற்றி. காரணம் எல்லோருக்கும் தெரியும். சீட்டோ காயோ, கையில் ஒன்றைக் கடைசிவரை விடமாட்டார்.

"லிப்டைத் தூக்க ஒரு கயிறு போதும். நாங்க ஆறு கட்டுறோம்."

"இங்க யாருப்பா கீழ விழப்போறா?" என்பான் வக்கீல்.

"விழாம இருக்கறதே அதனாலதான்."

நான்கு மாதத்துக்கு முன் மருத்துவமனையின் தரைத்தளத்தில் இறந்தார். லிப்டுக்கு வேலை வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்த மேசையில் உட்காரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். மேசைமேல் மடிக்காத துணி ஏறியது. பிரிட்ஜ் தாளை யாரும் கிழிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. தாளில் அடுத்ததாக இருந்த விளையாட்டு. வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே லிப்ட்காரர் பதிவு செய்துவைத்திருந்தார்.

"திருப்பி அனுப்பிடு" என்றாள் அம்மா.

"பிரிச்சாவது பார்க்கலாமேம்மா."

"பெட்டி மேலயே போட்டிருக்கு, நாலு பேர் மட்டும்னு. நாம எத்தனை பேரு? எண்ணிப் பாரு."

மூத்தவள் எண்ணினாள். அம்மா சொன்னது சரி.

ஆனால் இந்தப் பெட்டி திரும்பிப் போனால் அம்மா இனி அந்த மேசைக்கு வரமாட்டாள் என்பதும் மூத்தவளுக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டே சாப்பிடுவாள். பேசி மனதை மாற்ற மூத்தவளுக்கு வராது. வழிமுறை மட்டும் தெரியும். சனிக்கிழமை மதியம் துணியைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள்.

பாலம் கட்டும் விளையாட்டு. நடுவில் ஒரு வட்ட மேடை. நான்கு பக்கத்திலிருந்தும் பாலம் வந்து தாங்கினால்தான் நிற்கும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் சாய்ந்துவிடும். ஆளுக்குப் பன்னிரண்டு மரத்துண்டு. வைத்த துண்டுக்குப் புள்ளி உண்டு. கையில் மீதி இருந்தால் துண்டுக்கு இரண்டு புள்ளி குறையும். பிரிட்ஜ் தாளின் குறிப்புக் கட்டத்தில் அவர் அதையும் எழுதியிருந்தார். கீழே இரண்டு சொல்: 'பழக வேண்டும்.'

மூத்தவள் காலி ஓட்டத்தைத் தொடங்கினாள். நான்கு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தாள். அப்பாவின் நாற்காலியில் அந்த இரண்டு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பன்னிரண்டு துண்டையும் வைத்தாள். மேடை நின்றது.

அம்மா ஈரத்துணி வாளியோடு அந்தப் பக்கம் போனாள்.

"யாரு ஜெயிச்சது?"

"அப்பா."

வாளி கீழே இறங்கியது.

"எத்தனை துண்டு வெச்சாரு?"

"பன்னெண்டும்."

"அப்ப நீ தப்பா ஆடியிருக்க."

"பழகணும்னு அவரே எழுதியிருக்காரேம்மா."

"எழுதுவாரு. சர்க்கரை இல்லாம டீ குடிக்கப் பழகணும்னுகூட எழுதினாரு. காலண்டர்ல. மூணு வருஷக் காலண்டர்ல."

"இதையாவது பழகியிருக்கலாம் இல்ல?"

"யாரு, உங்கப்பாவா?" அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கலை எல்லாத்தையும். மொதல்லேருந்து ஆடு."

மூத்தவள் கலைத்தாள். அம்மா நின்றபடியே விரலை நீட்டினாள். அங்க வைக்க மாட்டாரு. கரையோரமா வை. இன்னும் ஓரமா. ரெண்டு தடவை அமுக்கிப் பார்ப்பாரு, அமுக்கு. மூத்தவள் அமுக்கினாள். பிறகு அம்மாவின் முறை வந்தது. மூத்தவளே ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

"என்னை ஏன் இப்படி சண்டைக்காரி மாதிரி ஆட வைக்கிற?"

"நோட்ல அப்படித்தான் இருக்கு."

"என்ன இருக்கு?"

மூத்தவள் படித்தாள். "'அம்மா: மூன்றாவது சுற்றில் பொறுமை போகும். அடுத்தவர் வழியை அடைப்பார்.'"

"எனக்கா பொறுமை போகுது?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா உட்கார்ந்தாள். மூன்றாவது சுற்றில் மூத்தவளின் வழியை அடைத்தாள்.

மூத்தவள் தலையை நிமிர்த்தவில்லை. நோட்டில் 'எடை ஓட்டம், 2.40' என்று எழுதினாள்.

ஐந்து மணிக்கு வக்கீல் வந்தான். மேசையைப் பார்த்தான். அம்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான். விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாலாவது ஆள் யாருக்கா?"

"அப்பா. அம்மா சொல்லுவாங்க, நான் வைப்பேன்."

"அது விதியில இருக்கா?"

"தேடிப் பாரு."

இருபத்திரண்டு பக்கம் தேடினான். ஆட வருகிறவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை.

ஆட்டம் ஐம்பத்தைந்து நிமிடம் நடந்தது. அம்மா பத்தொன்பது புள்ளி. மூத்தவள் பதினைந்து. அப்பாவுக்குப் பதினாறு, கையில் ஒரு துண்டு மீதி, இரண்டு போகப் பதினான்கு. வக்கீல் பதின்மூன்று.

"இது அநியாயம். ஆட வராதவருக்குக் கீழ நான் எப்படி வரமுடியும்?"

"அவரு வந்தப்பவும் பாதி நாள் நீ அப்படித்தானே இருந்த" என்றாள் அம்மா.

"அந்த ஒண்ணையும் வெச்சிருந்தா அவரு ரெண்டாவது. அவருக்கும் நஷ்டம்தான்."

"வெச்சிருக்க மாட்டாரு."

மேடை நான்கு பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதை யார் கலைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கலைப்பது எப்போதும் லிப்ட்காரரின் வேலை. கடைசியில் வக்கீல்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கலைத்தான். மீதியிருந்த துண்டு அம்மாவின் கையில் இருந்தது. பெட்டியை மூடும்வரை கேட்டுப் பார்த்தான், தரவில்லை.

மூத்தவள் நோட்டை நிரப்பினாள். ஆள் ஓட்டம், நான்கு பேர், 55 நிமிடம். கையெழுத்துக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். சிறியதாக வந்தது.

அம்மா பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள்.

"இந்தத் தாள் ஒரே எண்ணெய். வேற எழுதி ஒட்டு. அடுத்தது எப்ப வருது?"

"அக்டோபர்ல."

"எத்தனை பேர்?"

"ரெண்டுலேருந்து நாலுன்னு போட்டிருக்கு."

"நாலுன்னே எழுது."

மூத்தவள் ஸ்கேலைத் தேடிப் போனாள்.