அறுபது சென்ரிமீற்றர்

என் மேசை லாச்சியில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. பிரவுன் தாளில் உறை போட்டது. ஓரமெல்லாம் சேறு பட்டுக் காய்ந்திருக்கிறது. உறையில் றப்பர் பால் சிந்திய இடம் கறுத்துப் போயிருக்கிறது. நடுப்பக்கத்தைத் திறந்தால் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு கீறிய ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஐந்து திங்கட்கிழமைகள், வலப்பக்கம் ஐந்து எண்கள். அறுபது, அறுபத்தொன்று, அறுபத்தொன்றரை, அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு. முதல் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி. மற்ற நான்குக்கும் பிழை. கீழே என் கையெழுத்தில், "ஒழுங்காக அளந்து எழுதவும்." பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்றால், அடுத்த பக்கத்திலும் தடம் தெரிகிறது.

நான் கேகாலைப் பக்கத்து டவுனில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். அரநாயக்கப் பக்கம் மலையேறும் பஸ்ஸில் போய், றப்பர் மரங்களுக்கு நடுவே இருபது நிமிடம் நடந்து, தோட்டப் பாடசாலையில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். போன புதிதில் எனக்கு வாயும் அதிகம், தலைக்கனமும் அதிகம். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மலை ஏறினேன். சிவப்புப் பேனா தீர்ந்துவிடும் என்ற பயத்தில் பையில் எப்போதும் மூன்று வைத்திருப்பேன். உம்மா சிரிப்பார், "நீ படிச்சுக் குடுக்கப் போறியா, பிழை புடிக்கப் போறியா?" என்று.

கல்லும் மண்ணும் பற்றிய பாடம் வந்தபோது வகுப்பறை சந்தை போல ஆகிவிட்டது. ஆளுக்கொரு கல் கொண்டு வாருங்கள் என்றால் இவர்கள் சட்டைப் பை கிழியக் கொண்டு வந்தார்கள். காக்காப் பொன் மின்னுகிற கல், துளை துளையான செந்நிறக் கபுக் கல், ஆற்றில் உருண்டு வழுவழுத்த வெள்ளைக் கல். ஒரு ஜாம் போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தோம். அடுத்த நாள் அடியில் பரல், மேலே மணல், அதற்கும் மேலே களி, மிதப்பில் இலைத்தூள் என்று வரிவரியாகப் படிந்திருந்ததைப் பார்க்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் குச்சி யோசனை வந்தது. புவியின் மேற்பரப்பு மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மிக மிக மெதுவாக, நம் கண்ணுக்குத் தெரியாமல் என்று நான் படித்திருந்தேன். அதைக் காட்டுவதற்காக, வீட்டுப் பக்கத்தில் இரண்டு குச்சி நட்டு, நடுவில் சரியாக அறுபது சென்ரிமீற்றர் விட்டு, திங்கட்கிழமை தோறும் அளந்து எழுதச் சொன்னேன். அடிமட்டத்தை இரண்டு முறை வைத்தால் அறுபது. ஐந்து வாரம் கழித்து எல்லாரிடமும் அதே அறுபது இருக்கும். "பார்த்தீங்களா, பூமி மாறுவது நமக்குத் தெரியவே தெரியாது" என்று பாடத்தை முடிப்பேன். விடை என் கையில் ஏற்கனவே இருந்தது.

எல்லாரும் அறுபதுதான் எழுதினார்கள். ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டேன். ஒருத்தியிடம் மட்டும் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அவள் அம்மா றப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்; அப்பா கொழும்பில் கட்டட வேலை. அதிகம் பேசாத பிள்ளை. கொப்பியை வாங்கிப் பார்த்து, "என்ன மகள் இது? எல்லாருக்கும் ஒரே அளவு வருது, உங்களுக்கு மட்டும் எப்படிக் கூடும்?" என்று கேட்டேன்.

"கூடுதுங்க டீச்சர். நா என்ன செய்ய?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் அடிமட்டத்தின் நுனி உடைந்திருக்கும் என்று என்னுடைய மர அடிமட்டத்தைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அறுபத்தாறுங்க" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

அம்மா பால் ஊற்றிவிட்டு அப்படியே வந்தார். கையெல்லாம் பால் காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருந்தது. மகளுக்குப் பொய் சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது என்று நான் நீட்டி முழக்கினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்ற புள்ள இல்லீங்க டீச்சர். குச்சி சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு வாரமா எங்க பின்கதவு மூடமாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதியிருக்கும்னு நெனச்சோம். பக்கத்துக் காம்பராவுலயும் அப்பிடித்தானாம்."

அன்று பாடசாலை விட்டதும் அவளோடு லயத்துக்கு, குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒரே கூரையின் கீழ் நீளும் அந்த வரிசை வீட்டுக்கு, ஏறினேன். வாசலில் பக்கத்துக் காம்பராப் பையன் நின்றிருந்தான். ஐந்து வாரமும் அறுபது எழுதி நட்சத்திரம் வாங்கியவன். உன் குச்சியைக் காட்டு என்றேன். அவன் உள்ளே திரும்பி அடுப்பைப் பார்த்தான். முதல் நாளே அவன் அம்மா அதை விறகோடு வைத்து எரித்துவிட்டாராம். நட்சத்திரம் வாங்கிய மற்றவர்களில் எத்தனை பேர் அளந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லயத்துக்குப் பின்னால், புல் மூடிய இடத்தில் அவள் குச்சிகள் நின்றன. புல்லை விலக்கினாள். இரண்டுக்கும் நடுவே நிலம் வெடித்திருந்தது. என் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. கீழே, முன்பு காய்ந்து கிடந்த கல்லிடுக்கில் இருந்து கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சேலையோடு சேற்றில் முழந்தாளிட்டு நானே அளந்தேன். அறுபத்தேழு. அவள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, "சரியா டீச்சர்?" என்று கேட்டாள். அந்த லயத்தில் எட்டுக் குடும்பம்.

நான் சொல்லி, பாடசாலை அதிபர் போன் பண்ணியதில் மறுநாள் காலை கிராம சேவகர் குடையோடு வந்தார். நல்ல மனிதர். போன மழைக்கும் இப்படி ஒரு லயத்தாரைக் கிளப்பி, ஒன்றும் நடக்காமல் போய், ஏச்சு வாங்கியவர். வெடிப்பைப் பார்த்தார். இது பழையதா, இப்போது விரிகிறதா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவள் உள்ளே ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். சிவப்புக் கோடுகளில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிஸ், மேவா ஒக்கொம வெரதித?" என்றார். இவை எல்லாம் பிழையா என்று கேட்கிறார். அங்கே நின்ற எல்லாருக்கும் சிங்களம் விளங்கும். கூட்டத்தில் ஒருவர், "டீச்சரே பிழை போட்டுட்டாங்கன்னா, அப்பறம் என்னத்துக்கு நாங்க சாமான தூக்கணும்?" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அழுத்திப் போட்ட நான்கு கோடுகள் எட்டுக் குடும்பத்தை அந்த மண்ணடியில் பிடித்து வைத்திருந்தன.

முதலில் அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். பிறகு எல்லாரும் கேட்கத் தமிழிலும் சொன்னேன்: "அந்தப் புள்ள எழுதினதெல்லாம் சரி. நேத்து நானே அளந்து பார்த்தேன். பிழை விட்டது நான்." கிராம சேவகர் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலுக்குள் எல்லாரும் பாடசாலைக்கு இறங்க வேண்டும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். சட்டி பானை, கோழி, டீவி, சாமிப் படம் எல்லாம் எங்கள் மண்டபத்துக்கு வந்தன.

மூன்றாம் நாள் இடைவேளை மணி அடித்த கொஞ்ச நேரத்தில் லொறியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவந்த மண்தான் இருந்தது. கட்டி வைத்திருந்த ஓர் ஆட்டைத் தவிர வேறு உயிர் போகவில்லை. அவள் அம்மா சத்தமில்லாமல் அழுதார். நான் சத்தமாகவே அழுதேன்.

அவர்கள் பல வாரம் எங்கள் மண்டபத்தில் இருந்தார்கள். அவளை ஒவ்வொரு நாளும் பார்த்தேன், படிப்பித்தேன், என் சாப்பாட்டில் பங்கு கொடுத்தேன். ஆனால் அவள் முன்னால் நின்று "என்னை மன்னிச்சுக்க" என்று சொல்லவில்லை. ஊரின் முன்னால் சொல்லியாயிற்றே என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. நான் லீவில் இருந்த ஒருநாள் அவர்கள் நிவித்திகலப் பக்கம் மாமா இருக்கும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். கொப்பி பிறகு கிராம சேவகரிடமிருந்து என்னிடம் வந்தது.

இப்போதும் அதே பாடம் எடுக்கிறேன். போத்தல் குலுக்குகிறோம், கல் சேர்க்கிறோம், குச்சி நடுகிறோம். நட்சத்திரம் போடுவதற்கு முன் மலை ஏறிப் போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன். முழங்கால் வலிக்கிறது, பரவாயில்லை. பிள்ளைகள் இந்தக் கொப்பியைப் பார்த்து, சரியான விடைக்கு ஏன் பிழை போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். நான் போட்டது என்று சொல்வேன்.

போன திங்கட்கிழமை எங்கள் பாடசாலை விடுகைப் பத்திரம் பற்றிக் கேட்க அவள் அம்மா போன் எடுத்தார். பேசி முடித்ததும், மகளிடம் கொடுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. "மகள், அன்னைக்கு உங்கட கொப்பியில பிழை போட்டது என்ட பிழை. என்னை மன்னிச்சுக்கங்க" என்றேன். இரண்டு வருடம் சுமந்தது அவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது.

"இங்க கதவு நல்லா மூடுதுங்க டீச்சர்" என்றாள்.

"குச்சி நட்டிருக்கிறீங்களா?"

"வந்த அன்னைக்கே நட்டுட்டேங்க. ஒவ்வொரு திங்கக்கெழமையும் அறுபதுதான். காலையிலயும் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தேன். அந்த நான்கு பிழைகளையும் நான் தொடவில்லை. அட்டவணைக்குக் கீழே இன்னொரு கோடு கீறி, திங்கட்கிழமை என்று எழுதி, எதிரே அறுபது என்று எழுதினேன். அதற்கு மட்டும் சிவப்புப் பேனாவால் சரி போட்டேன்.