எலிக்குட்டிகளுக்குப் போட்ட சாம்பிராணி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் அம்மா, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, அவளுடைய கைக்குழந்தை, சின்ன மாமா, நான். கொல்லையில், மரப்பெட்டிக்குள், மூர் மார்க்கெட்டில் மாமா வாங்கிவந்த வெள்ளை எலி ஜோடி. குட்டி போட வைத்து மயிலாப்பூர் முழுக்க வெள்ளை எலியாக்கிவிடுவது என்று மாமா திட்டம் போட்டிருந்தார். திட்டம் அவருடையது, கவலை என்னுடையது. குட்டி போடுமா, போட்டால் பிழைக்குமா, பூனை வந்துவிடுமா என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

அன்று காலைதான் குட்டிகள் பிறந்திருந்தன. மயிர் இல்லாமல், கண் திறக்காமல், தோலுரித்த வேர்க்கடலை மாதிரி.

"மாமா, சளி புடிச்சிக்கினா இன்னா பண்றது?"

"உங்கக்கா புள்ளைக்குப் போடறாங்கல்ல சாம்பிராணி, அத்த இதுக்கும் காட்டு கண்ணு" என்றுவிட்டு மாமா பீடி வாங்கக் கிளம்பிவிட்டார்.

கிண்டல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டியதும் அம்மா சாம்பிராணி போட்ட தணல் இன்னும் அணையவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புகையில் காட்டித் தாயிடம் திரும்ப வைத்தேன்.

தாய் மோந்து பார்த்தது. பிறகு ஒரு குட்டியை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், தலைப்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

நான் உள்ளே ஓடினேன்.

"அம்மா! பெத்ததே குட்டியத் தின்னுகினு கீதும்மா!"

"வாய மூடுடி! புள்ள பெத்தவ எதிர்ல இன்னா பேச்சு?" அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பிரசவமான நாளிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த அக்கா அப்போது திரும்பினாள். அழவில்லை. மடியில் கிடந்த குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி அம்மாவிடம் நீட்டினாள்.

"இத நீயே வெச்சுக்கம்மா. எங்கிட்டத் தனியா உடாத."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. என்னை அடித்த கையாலேயே குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன்பின் குழந்தை அம்மாவின் பக்கத்தில்தான் படுத்தது. அக்கா பால் கொடுக்கும்போதும் அம்மா நகராமல் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

மாமா எலிகளைப் பெட்டியோடு எங்கேயோ கொண்டுபோய் விட்டுவந்தார். நான் அக்காவிடம் போய், "எலி போயிடுச்சுக்கா, இனிமே புள்ளைய நீயே வெச்சுக்கலாம்" என்று தைரியம் சொன்னேன். அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எலிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன்.